பாவையும் படிவமும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் மருத்துவப் பேராசிரியர் ஐயா அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை முன்பே பேசி முடித்துவிட்ட புலவர் பெருந்தகை அவர்களே, உட்கார இடமின்றி நிற்கும் இளைஞர்களே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க. செயலாளர் தந்த பட்டியல் அவ்வளவு நீளம்.

கண்ணின் கருமணியைக் குறிக்கும் ‘பியூபில்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்வேன்: அது பிறந்த கதை, மாணவனுக்கும் அதுவே பெயரான கதை, ஐரிஸ், ரெட்டினா முதலிய அண்டைவீட்டுச் சொற்களின் கதை.

லத்தீனில் ‘பூப்பா’ என்றால் சிறுமி, பொம்மை. ‘பூப்பில்லா’ குட்டிப் பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பாருங்கள். கறுப்பு வட்டத்தில் உங்கள் உருவம் பொம்மைபோல் பொடியாக நிற்கும். அதனால்தான் அந்த வட்டத்துக்கு அந்தப் பெயர். கிரேக்கரின் ‘கோரே’யும் சிறுமிதான், கண்மணியும்தான். வள்ளுவரின் காதலனோ ‘கருமணியிற் பாவாய்’ என்று அழைத்து, என் காதலிக்கு இடம் வேண்டும், நீ போய்விடு என்கிறான். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று உடனே சிலர் கிளம்புவார்கள். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் தோன்றிவிடும் எண்ணத்துக்குக் கடன் எதற்கு?

தந்தையை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் சிறுவன் ரோமானியருக்குப் ‘பூப்பில்லஸ்’. பிற்காலத்தில் ஆசிரியர் பொறுப்பில் விடப்பட்டவனுக்கும் அதுவே பெயராயிற்று. இரண்டாம் செய்தி அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பாவை கருமணியில் இல்லை, ஐயா! கருமணி வெறும் துளை. வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டர், இருட்டில் 8 வரை விரியும். பாவையைக் காட்டுவது முன்னால் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் படலமான கார்னியா. அது தழும்பேறி வெளுத்துவிட்டால் பாவையும் மறையும், பார்வையும் மறையும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்பார்கள். போன ஆண்டும் இதைச் சொன்னேன்; அடுத்த ஆண்டும் சொல்வேன்.

இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்களும் வெந்துபோயின. அவர் போன மருத்துவமனைக்கே, கண்ணில் இரும்புத் துண்டு பாய்ந்த 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். கண்ணைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்தாக வேண்டும். எடுத்ததை எறியவில்லை மருத்துவர் எட்வர்டு ஸிர்ம். 1905 டிசம்பர் 7 அன்று அந்தக் கார்னியாவிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார். ஒன்று கெட்டது. மற்றொன்று தெளிந்து நின்றது! கண் கெட்ட பிறகும் அந்த மனிதர் சூரியனைப் பார்த்தார். பழமொழி தோற்ற இடம் அது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாம் செய்தியைப் புலவர் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன். நான் வந்தது கண்தானப் படிவத்துக்காக. கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் உடனே கண் வங்கியை அழையுங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். தலையைச் சற்று உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, பேனாவும் வைத்திருக்கிறேன்.