பீஷான் பூங்காவில் ஒரு காலை: காலாங் ஆற்றில் இறங்கிப் பார்க்கலாம் வாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை ஏழரை மணி. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? சிங்கப்பூர் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில், காலாங் ஆற்றின் நடுவில் நிற்கிறேன். உண்மையிலேயே நடுவில்தான். ஆற்றைத் தாண்டிப் போகப் பெரிய பெரிய கற்கள் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றின் மேல் நின்றுதான் பேசுகிறேன். கீழே குனிந்தால் தண்ணீரைத் தொட்டுவிடலாம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல பூங்கா ஒன்று சொல்லுங்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இதைத்தான் சொல்வேன். ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் உண்டு, விளையாடட்டும். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். வேலி கிடையாது. புல் சரிவில் அப்படியே நடந்து வரலாம்.

இந்தப் பூங்கா 1988-இல் வந்தது. அப்போது இந்த ஆறு இப்படி இல்லை. பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு கான்கிரீட் கால்வாய். பெய்கிற மழையைச் சீக்கிரமாகக் கீழே தள்ளிவிட வேண்டும், அதுதான் அதன் வேலை. இந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஆறு என்றே சொல்ல மாட்டார்கள். 'லோங்காங்' என்பார்கள். மலாயில் சாக்கடை, வடிகால் என்று அர்த்தம். சிங்கப்பூரின் மிக நீளமான ஆற்றுக்கு அந்தப் பெயர்!

பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கால்வாயை உடைத்தன. 2012 மார்ச்சில் திறந்தபோது அது 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடுகிற ஆறாகியிருந்தது. உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. அதோ, அந்த மேடு தெரிகிறதே, பழைய கால்வாயின் பலகைகளை அடுக்கித்தான் அதை எழுப்பியிருக்கிறார்கள். பையன்கள் மேலே ஏறி நிற்கிறார்கள் பாருங்கள். காலுக்குக் கீழே இருப்பது பழைய லோங்காங் என்று அவர்களிடம் சொல்லுங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். பாபநாசம் பக்கம், காவிரிக் கரையிலேயே வளர்ந்தவர். முதல் நாள் இங்கே கூட்டி வந்தபோது, சரிவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது நம்ம படுகைதானே?" என்றார். எனக்கு அப்படியே சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இந்தப் பூங்காவின் சூட்சுமமே அதுதான். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் ஏறி இறங்க இடம் விட்டிருக்கிறார்கள். மழை இல்லாத நாளில் அந்த இடத்தில் நாம் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். பெருமழை வந்தால் அது ஆற்றுக்குச் சொந்தம். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான். இப்போது வெள்ளம் வந்தால் சில இடங்களில் 100 மீட்டர் வரைக்கும் விரியும். கால்வாயைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் தண்ணீரைத் தாங்கும்.

கான்கிரீட் இல்லாமல் கரை எப்படி நிற்கிறது? கொஞ்சம் கிட்டே போகலாம், கேமராவைத் தாழ்த்துகிறேன். இந்தச் செடிகளின் வேரைப் பாருங்கள், கல்லுக்கு இடையில் எப்படிப் பின்னிக்கொண்டிருக்கிறது! குச்சிகளை விறகுக் கட்டு மாதிரிக் கட்டிக் கரையில் புதைத்தார்கள். கம்பி வலைக்குள் கல்லைப் போட்டு அடுக்கினார்கள். நாணல் மாதிரியான செடிகளை உருளையாகச் சுருட்டி வைத்தார்கள். எடுத்த எடுப்பில் ஆற்றில் செய்துவிடவில்லை. 2009-இல் பக்கத்து வடிகால் ஒன்றில் 60 மீட்டர் தூரத்துக்குப் பத்து முறைகளைச் சோதித்துப் பார்த்து, அதில் ஏழைத்தான் எடுத்துக்கொண்டார்கள். "நாணல் கரையைப் பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா" என்கிறார் அம்மா. தெரியும்தான். இங்கே அதைச் சோதித்து, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து, பாடமாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைக் காட்டுகிறேன். இந்தத் தண்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, காய்ந்த பூச்சி மாதிரி. முதுகில் ஒரு கிழிசல் தெரிகிறதா? உள்ளே ஒன்றுமில்லை. இது தும்பி கழற்றிப் போட்ட சட்டை. தும்பி பிறந்ததிலிருந்து பறக்கிற பூச்சி இல்லை. முட்டையிலிருந்து வந்ததும் தண்ணீருக்கு அடியில்தான் வளரும். நேரம் வந்ததும் இப்படி ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறும், முதுகு பிளக்கும், இறக்கையோடு வெளியே வரும். கான்கிரீட் சுவரில் பிடித்து ஏற இந்த மாதிரித் தண்டு ஏது? போன வாரம் ஒரு சின்னப் பையன் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டான். "இல்லடா, சட்டையைக் கழற்றிவிட்டுப் பறந்துபோச்சு" என்றேன். அப்புறம் அவன் ஒவ்வொரு தண்டாகத் தேடிக்கொண்டு போனான். அவன் அம்மா எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அந்த அம்மா என்னிடம் கேட்டது கொசுவைப் பற்றி. ஆற்றைத் திறந்துவிட்டால் டெங்கி வராதா? நியாயமான பயம், இந்த ஊரில் டெங்கி சாதாரண விஷயம் இல்லை. ஆனால் டெங்கிக் கொசு முட்டையிடத் தேடுவது தேங்கி நிற்கிற தண்ணீரை. ஓடுகிற ஆறு அதற்கு ஆகாது. போதாததற்கு இந்தத் தும்பிக் குஞ்சுகளும் மீன்களும் கொசுப்புழுவைத் தின்றுவிடும். வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். உங்களுக்கும் அதேதான்.

நீர்நாய் எங்கே என்று கேட்பீர்கள். 2014-இல் ஒரு குடும்பம் இங்கே வந்து தங்கி, மறு வருடம் இங்கேயே சிங்கப்பூரில் இருக்கிற மரினா விரிகுடாப் பக்கம் போய்விட்டது. இப்போதும் நீர்நாய்கள் வந்து போகும், இன்று கண்ணில் படவில்லை. பார்த்தால் தள்ளி நில்லுங்கள். போனை நீட்டிக்கொண்டு துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது, குட்டி வைத்திருக்கிற தாய் அது. தீனியும் போடாதீர்கள்.

குளத்துப் பக்கம் தண்ணீரைச் செடிகளே வடிகட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் தண்ணீர் விளையாட்டுக்கு அந்தத் தண்ணீர்தான், புற ஊதாக் கதிரிலும் சுத்தம் செய்து விடுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், ஏனென்றால்... ஒரு நிமிடம்.

தூறல் விழுகிறது. மேற்கே நல்ல கறுப்பு. இதோ கரையில் சிவப்புக் குறி தெரிகிறதா? அதற்குக் கீழே இனி நிற்கக்கூடாது. ஆ, விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது, சைரனும் கேட்கிறது. எல்லாரும் ஏறுகிறார்கள், நானும் ஏறுகிறேன்.

சரி, கூரைக்கு அடியில் வந்துவிட்டோம். நான் நின்ற கல்லைப் பாருங்கள், தண்ணீர் அதைச் சுற்றி நுரைக்கிறது. மூடிவிட்டது. இப்போது புல்லில் ஏறுகிறது. அம்மா குடையைக் கூட விரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தண்ணி செம்மண்ணா வருது பாரு" என்கிறார். நான் கேமராவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.