டர்போவைக் கழற்றும் முன்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

டீசல் கார் வைத்திருக்கும் பலரும் ஒரு முறையாவது சந்தித்திருக்கக்கூடிய ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மெக்கானிக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸை இழுத்தெடுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, எண்ணெய் படிந்த விரலை நம் முன்னால் நீட்டுகிறார். "டர்போ போயிடுச்சு சார், மாத்திடணும்" என்கிறார். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. காற்று மட்டும் போக வேண்டிய குழாயில் எண்ணெயைப் பார்த்தவுடன் நமக்கும் அது உண்மையென்றே படுகிறது. முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்த்து வரும் நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஒரு விரலை வைத்து டர்போவின் மேல் தீர்ப்பு எழுத முடியாது. எண்ணெய் எந்த வழியாக அங்கே வந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

முதலில் காற்று போகும் பாதையை மனத்தில் வரைந்துகொள்வோம். வெளிக்காற்று ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே வருகிறது. அங்கிருந்து ஒரு குழாய் அதை டர்போவின் காற்றுச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. சக்கரம் காற்றை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய காற்று இண்டர்கூலரில் குளிர்ந்து, இன்லெட் மேனிஃபோல்ட் வழியாக சிலிண்டர்களுக்குள் போகிறது. இந்தப் பாதையில், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில், பக்கவாட்டிலிருந்து ஒரு சிறிய குழாய் வந்து சேர்வதைக் காணலாம். அதுதான் பிரீதர் குழாய். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். அது அங்கேயே தங்கினால் அழுத்தம் ஏறி சீல்களைத் தள்ளிவிடும். திறந்த வெளியில் விடுவதற்கோ மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே அந்த வாயுவை மறுபடியும் காற்றுப் பாதைக்கே அனுப்பி எரித்துவிடுகிறார்கள். போகிற வாயு சும்மா போவதில்லை. சுழலும் கிராங்க் சிதறடித்த எண்ணெயின் நுண்துளிகளையும் சுமந்துகொண்டு போகிறது. வழியில் எண்ணெயைப் பிரித்தெடுக்க ஒரு பிரிப்பான் உண்டு என்றாலும், அது முழுவதையும் பிடித்துவிடுவதில்லை.

எனவே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரில், ஹோஸின் உட்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. இண்டர்கூலரின் அடிமட்டத்தில் ஒரு ஸ்பூன் அளவு எண்ணெய் தேங்கியிருந்தாலும் நான் பதற மாட்டேன். ஹோஸைச் சாய்த்தால் எண்ணெய் ஒழுகி ஓடுகிறது, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு மாதந்தோறும் இறங்குகிறது, புகைபோக்கியில் நீலப் புகை வருகிறது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் தேடத் தொடங்க வேண்டும்.

தேடும்போது கையில் இருக்க வேண்டிய முதல் கருவி ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கி, காற்று போகும் திசையிலேயே, ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி உள்ளே துடைத்துப் பார்க்க வேண்டும். ஃபில்டருக்கும் பிரீதர் வந்து சேரும் இடத்துக்கும் நடுவில் உள்ள பகுதி உலர்ந்திருக்க வேண்டும். அங்கேயே எண்ணெய் இருந்தால், தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் வகை ஃபில்டரை யாரேனும் பொருத்தி, எண்ணெயை அளவுக்கு மீறித் தடவியிருக்கலாம். பிரீதர் சேரும் வாயைச் சுற்றி ஈரம், அங்கிருந்து டர்போவின் முகப்பு வரை ஈரம் என்றால், எண்ணெய் எஞ்சினின் மூச்சோடு வருகிறது. டர்போவின் முன்பக்கம் உலர்ந்திருந்து, டர்போவைத் தாண்டிய குழாய் மட்டும் நனைந்திருந்தால்தான் எண்ணெய் டர்போவின் உள்ளிருந்து வருகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். பத்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் டர்போவைக் கழற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

டர்போவின் உள்ளிருந்தே வருகிறது என்று தெரிந்த பிறகும், பழுது டர்போவுடையதுதானா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதை விளங்கிக்கொள்ள டர்போவின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறிய கார்களின் டர்போ ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைத் தாங்கும் அச்சு, முழு வேகத்தில், நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அந்த வேகத்தில் அது எஞ்சின் எண்ணெயின் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த எண்ணெயைக் காற்றுப் பக்கம் போகவிடாமல் தடுப்பது ரப்பர் சீல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது பிஸ்டன் ரிங்கைப் போன்ற ஒரு சின்ன உலோக வளையம். காற்றுப் பக்கத்து அழுத்தம் எண்ணெய்ப் பக்கத்து அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும் வரைதான் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். பேரிங்கை நனைத்த எண்ணெய் காற்றோடு கலந்து நுரையாகி, தன் எடையாலேயே ரிட்டர்ன் பைப் வழியாக, எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு இறங்குகிறது. அதைத் தள்ள எந்த பம்பும் இல்லை. அதனால்தான் எண்ணெய் வரும் பைப் மெல்லியதாகவும், திரும்பும் பைப் தடிமனாகவும் இருக்கின்றன. அந்த ரிட்டர்ன் பைப் அடைத்துக்கொண்டாலோ, சம்புக்குள் அழுத்தம் ஏறி எண்ணெயை இறங்கவிடாமல் தடுத்தாலோ, டர்போவின் நடுப்பகுதி எண்ணெயால் நிரம்பி, வளையத்தைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் வழியும். டர்போவில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இது நடக்கும்.

என்னிடம் வந்த ஒரு வாடகைக் காரின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். ஓட்டுநரே உரிமையாளர். எட்டு மாதத்தில் இரண்டு டர்போ மாற்றியிருந்தார். இரண்டாவது டர்போவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். ரயில் நிலைய ஸ்டாண்டில் ஏ.சி. போட்டு அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பிறகு கிளம்பினால், பின்னால் நிற்பவர் மறையும் அளவுக்கு நீலப் புகை வருகிறது என்றும், நெடுஞ்சாலையில் போகும்போது அவ்வளவாக இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்ன அந்த ஒரு விவரமே எனக்குப் பாதி வழியைக் காட்டியது. நின்றபடி ஓடும் எஞ்சினில் டர்போ காற்றை அழுத்துவதில்லை. வளையத்துக்கு ஆதரவாக எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் இருப்பதில்லை. எண்ணெய் இறங்க வழியில்லாதபோது அந்த நேரத்தில்தான் அது கசிந்து தேங்குகிறது.

ரிட்டர்ன் பைப்பின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வாயில், கேஸ்கெட்டுக்குப் பதிலாக யாரோ தடவிய ஆரஞ்சு நிற சிலிக்கான் பேஸ்ட், போல்ட்டை இறுக்கியபோது உள்பக்கமாகப் பிதுங்கி, இறுகி, உதடு போல மடிந்து நின்றது. விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில் நுழையும் வழிதான் மிச்சம். மீதியையும் கருகிய எண்ணெய்க் கரி பிடித்திருந்தது. ஓட்டுநர் முதலில் கழற்றிய பழைய டர்போவை டிக்கியில் ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அதன் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன். சக்கரத்தின் இதழ்களைப் பார்த்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் முறை புகை வந்ததற்குக் காரணம் அடைபட்ட பிரீதர் பிரிப்பான். அது அப்போதும் அடைபட்டே இருந்தது. டர்போவை மாற்றியபோது தடவிய பேஸ்ட் இரண்டாவது காரணத்தை உண்டாக்கிவிட்டது. பிரிப்பானையும் பைப்பையும் சுத்தம் செய்து, பேஸ்ட் இல்லாமல் புதிய கேஸ்கெட் போட்டோம். அவர் செலவழித்த பணத்தை நினைத்து அன்று இரவு எனக்கு மனம் ஆறவில்லை.

ஷாஃப்டை ஆட்டிப் பார்ப்பது பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் அழுத்தம் இல்லாததால், ஷாஃப்ட் மேலும் கீழுமாகச் சற்று ஆடுவது இயல்பு. அந்த ஆட்டத்தைக் காட்டியே டர்போ போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது, ஆட்டிய நிலையில் சக்கரத்தின் இதழ் வெளிக்கூட்டின் சுவரில் உரசுகிறதா, உரசிய கோடுகள் தெரிகின்றனவா என்பதைத்தான். முன்னும் பின்னுமான ஆட்டம் வேறு. அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டக் கூடாது. கையால் இழுத்துத் தள்ளும்போதே தெளிவாகத் தெரிந்தால் அந்த டர்போவை நம்பி ஓட்டக் கூடாது.

எண்ணெய் பிரீதர் வழியாக வருகிறது என்று துணி காட்டிக்கொடுத்தால், அடுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைத்து, பிரீதருக்குள் தள்ளிவிடும். சர்வீஸ் முடித்த மறுவாரமே காற்றுக் குழாய் நனைவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். அதிகப்படியான எண்ணெயை வடித்தாலே போதும். யாரும் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகான பெரும்பாலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைப் பீச்சுகின்றன. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிறுத்தப்படும் காரில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போவதால், டீசல் சுவரில் வழிந்து எண்ணெயில் கலந்து அளவை ஏற்றுகிறது. டீசல் வாடை அடிக்கும் அந்த நீர்த்த எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். பேரிங்குகளைக் காக்கும் வலு அதற்கு இல்லை.

அளவு சரியாக இருந்தால் எஞ்சினின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகு, ஓடும் நிலையில் எண்ணெய் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து அதன் வாயிலேயே தளர்வாக வையுங்கள். லேசான மூச்சு இருக்கலாம். மூடி குதித்து விழும் அளவுக்கு விட்டுவிட்டுப் புகை தள்ளினால், ரிங்குகளோ, சிலிண்டரின் உட்சுவரான லைனரோ தேய்ந்திருக்கக்கூடும். அத்துடன் முடிவெடுக்காமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அடைபட்ட பிரிப்பானும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்பதால், அதைச் சுத்தம் செய்த பிறகு மூடிச் சோதனையை மறுபடி செய்து பார்ப்பது நல்லது. ஏர் ஃபில்டரையும் விட்டுவிடாதீர்கள். தூசி அடைத்த ஃபில்டர், டர்போவின் முகப்பில் உறிஞ்சலைக் கூட்டி, பிரீதரிலிருந்தும் ஷாஃப்ட் வளையத்திலிருந்தும் எண்ணெயை இழுக்கும்.

இன்லெட் மேனிஃபோல்டுக்குள் தார் போலக் கெட்டியான கரும்பசையைக் கண்டு பயப்படுபவர்களும் உண்டு. அது, எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு வழியாகத் திரும்பி வரும் புகைக்கரி, இயல்பான எண்ணெய்ப் படலத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் படிந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். அதற்காக டர்போவைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு நிதானமாகத் தேடச் சொல்லும் நான், ஒரு நிலையில் மட்டும் நிதானம் கூடாது என்பேன். இண்டர்கூலரில் எண்ணெய் நிறைந்திருக்கும் காரை ஓட்டவே கூடாது. டீசல் எஞ்சினுக்கு எஞ்சின் எண்ணெயும் எரிபொருள்தான். தேங்கிய எண்ணெய் மொத்தமாகச் சிலிண்டருக்குள் பாய்ந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலேயே எஞ்சின் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், கியர்க் காரில் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்க முயலலாம். அது முடியாவிட்டால் காரை விட்டு இறங்கி விலகி நில்லுங்கள். காற்று வரும் வாயை வெறும் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள். அந்த உறிஞ்சலும் சிதறும் துண்டுகளும் கையைப் பதம் பார்த்துவிடும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு இண்டர்கூலரைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். அந்த வாடகைக் காரின் இண்டர்கூலரைக் கவிழ்த்தபோது, அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பாகம் நிறைந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் புகை வாரக்கணக்கில் வந்திருக்கும். சரிசெய்ததே வீண் என்று அவர் நினைத்திருப்பார். மண்ணெண்ணெயால் அலசினால், ஒரு துளியும் மிஞ்சாமல் காற்றடித்து முழுவதும் உலர்த்திய பிறகே பொருத்த வேண்டும். மிஞ்சிய மண்ணெண்ணெயும் எஞ்சினுக்கு எரிபொருளே. டர்போவின் சக்கரம் உடைந்த காராக இருந்தால், இண்டர்கூலரின் மெல்லிய அறைகளுக்குள் சிக்கிய அலுமினியத் துண்டுகளை முழுவதும் எடுப்பது அரிது என்பதால், அதை மாற்றிவிடுமாறு சொல்வேன். எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆன ரப்பர் ஹோஸையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அழுத்தத்தில் அது உப்பிக் கிழியும்.

புதிய டர்போ உண்மையிலேயே தேவைப்பட்டால், எண்ணெய் வரும் பைப்பைப் புதிதாகப் போட்டு, டர்போவின் எண்ணெய்த் துவாரத்தில் சிறிது எண்ணெய் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்ட பிறகே எஞ்சினை எழுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்று டிப்ஸ்டிக்கின் அளவையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே இணைப்புகளைக் கழற்றி, அதே போன்ற வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த ஓட்டுநர் அப்படித் துடைத்த துணியை மடித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் தேநீர்க் கறை அளவுக்கு லேசான பழுப்பு நிறம்தான் இருந்தது.

வணக்கம்.