‘எல்லோரும் இப்படித்தான்’ என்று சொல்லும் ஊடகங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெகுசன ஊடகங்கள் இளைஞர்களின் மனத்தில் நல்லதையோ தீயதையோ நேரே புகுத்திவிடுகின்றன என்ற எண்ணத்தோடுதான் நாம் பெரும்பாலும் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். வன்முறைக் காட்சியைப் பார்த்தவன் வன்முறையாளன் ஆவான், நீதிக்கதையைக் கேட்டவள் நல்லவள் ஆவாள் என்பது அந்தக் கணக்கு. இத்துறையில் நடந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று புலப்படுகிறது. பிறர் எப்படி வாழ்கிறார்கள், எதை மதிக்கிறார்கள், எதை இகழ்கிறார்கள் என்று நாம் வைத்திருக்கும் கணிப்பைத்தான் ஊடகம் முதலில் மாற்றுகிறது. நடத்தை அதைப் பின்தொடர்கிறது. சக வயதினரின் மதிப்பே பெரிதாகத் தோன்றும் பதின்பருவத்தில் இத்தாக்கம் ஆழமாக விழுகிறது.

பிஜித் தீவுகளில் நடந்ததை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கிராமப்புறப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல்தான். கட்டான, பருத்த உடலை நலத்தின் அடையாளமாகவும் குடும்பத்தாரின் அக்கறைக்குச் சான்றாகவும் போற்றிய சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களுக்குள்ளும் மீண்டும் 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்து விடை பெற்றார். உணவு தொடர்பான மனக்கோளாற்றின் அறிகுறிகளைக் காட்டியவர்கள் மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கு 13 பேர் என்ற அளவிலிருந்து 29 பேராக உயர்ந்திருந்தார்கள். தம் உடல் பருத்துவிட்டதாகச் சில வேளைகளிலாவது எண்ணியவர்கள் 1998இல் நூற்றுக்கு 74 பேர். மெலிந்திருக்க வேண்டும் என்று எந்த நிகழ்ச்சியும் அந்தப் பெண்களுக்குக் கட்டளையிடவில்லை. திரையில் வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் மெலிந்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

இதே ஆற்றல் வேறு திசையிலும் செயல்பட்டிருக்கிறது. பிரேசிலில் தொலைக்காட்சித் தொடர்களின் நாயகியரில் பெரும்பாலோர் குழந்தையே இல்லாதவர்களாகவோ ஒரே குழந்தை உடையவர்களாகவோ காட்டப்பட்டார்கள். அத்தொடர்களின் ஒளிபரப்பு வெவ்வேறு ஆண்டுகளில் எட்டிய பகுதிகளை ஒப்பிட்ட பொருளியல் அறிஞர்கள், ஒளிபரப்பு வந்த இடங்களில் பிறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்ததைக் கண்டார்கள். சிறு குடும்பம் என்பது பிறர் வாழும் இயல்பான வாழ்க்கை என்று காட்டியதே அந்தத் தொடர்கள் செய்த வேலை.

செய்திகளுக்கும் இது பொருந்தும். தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்பவர்கள், உலகம் உள்ளபடியைவிட ஆபத்தானது என்றும், மனிதர்கள் நம்பத்தகாதவர்கள் என்றும் எண்ணும் போக்கினை அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஊடக ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வியன்னா நகரின் அனுபவம். அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் நேர்ந்த தற்கொலைகளை நாளிதழ்கள் முதற்பக்கத்தில் உருக்கமாக விவரித்து வந்த காலத்தில், அத்தகைய மரணங்கள் பெருகின. செய்தியை எப்படி எழுத வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளை 1987ஆம் ஆண்டின் நடுவில் மனநல அறிஞர்கள் இதழ்களுக்கு அளித்தார்கள், இதழ்களும் ஏற்றுக்கொண்டன. அவ்வாண்டின் முற்பாதியோடு ஒப்பிட, பிற்பாதியில் அந்த மரணங்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. தணிக்கை இல்லை, தண்டனை இல்லை. இதழாசிரியர்கள் மனம் வைத்தார்கள், உயிர்கள் பிழைத்தன. ஊடகத்தின் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லும் எவரிடமும் நான் முதலில் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். ஒரே நிகழ்ச்சியைக் குடும்பமே பார்த்த காலத்தில், பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தார்கள். தவறாகத் தோன்றியதை அங்கேயே மறுத்துப் பேசவும் முடிந்தது. இன்று ஒவ்வொருவர் திரையிலும் தோன்றுவது, அவர் எதன்மேல் அதிக நேரம் நின்றார் என்பதைக் கணக்கிட்டு, செயலிகளின் கணினி நிரல்கள் தனித்தனியே தேர்ந்தெடுத்துத் தருவது. ஓர் இளைஞன் சினத்தைத் தூண்டும் காணொளியில் சில நொடிகள் தங்கினால் அதே வகையில் மேலும் பல வருகின்றன. ஊரே சினந்திருப்பதாக அவன் நம்பத் தொடங்குகிறான். கூடவே ஒவ்வொரு படத்தின் கீழும் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை வேறு நிற்கிறது. பிறர் மதிப்பை இவ்வாறு எண்ணாகவே கண்டு வளர்ந்த தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை.

16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதற்கு ஆஸ்திரேலியா 2024இல் சட்டமியற்றித் தடை விதித்தது. அது 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வரம்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 16 வயது நிறைந்த நாளில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதே நிரல்களிடம்தான் அந்தப் பிள்ளை போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பின்லாந்து நாடு ஊடகத்தைப் படித்தறியும் திறனைப் பள்ளிப் பாடங்களுக்குள்ளேயே வைத்துச் சிறுவயது முதல் கற்பிக்கிறது. இதை எனக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தது யார், காட்டாமல் விட்டது என்ன என்ற கேள்விகளைக் குழந்தை கேட்கப் பழகுவது எந்தத் தடையைவிடவும் நெடுநாள் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

வானொலியில் பேசுகிறேன் என்பதால் ருவாண்டாவைக் குறிப்பிடாமல் முடிக்க எனக்கு மனமில்லை. 1994இல் லட்சக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டபோது, அந்நாட்டின் ஒரு வானொலி நிலையம் டுட்சி இன மக்களைப் பகைவர்களாகச் சித்திரித்துக் கொலையைத் தூண்டியது. பத்தாண்டுகள் கழித்து அதே நாட்டில், பகை தணிவதைச் சொல்லும் ஒரு தொடர் நாடகம் வானொலியில் ஒலிபரப்பானது. அதை ஓராண்டுக் காலம் குழுவாக அமர்ந்து கேட்ட மக்களை எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்தார். அவர்களுடைய சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. ஆனால் தம் சமூகத்தில் எது ஏற்கத்தக்கது என்ற கணிப்பும், அதனோடு நடத்தையும் மாறியிருந்தன. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு வானொலிப் பெட்டியும் நாடகத்தின் ஒலிநாடாக்களும் தரப்பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு நாடகத்தைக் கேட்கவைக்கப்பட்ட குழுவினர் அவற்றை ஊர் அதிகாரியிடமே ஒப்படைத்துவிட எளிதில் இசைந்தார்கள். இந்த நாடகத்தைக் கேட்டவர்களோ மாற்றுக் கருத்துகளை வெளிப்படையாகச் சொல்லி விவாதித்து, அந்தப் பெட்டியையும் ஒலிநாடாக்களையும் தாங்களே கூடிப் பொறுப்பேற்றுப் பேணுவதென்று முடிவு செய்தார்கள்.

நன்றி, வணக்கம்.