நூலைப் போல சேலையா?

தலைவர் அவர்களே, செயலாளர் அம்மா, பொன்னாடை போர்த்திவிட்டு இன்னும் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிற பொருளாளர் ஐயா, சமோசாவுக்குக் காத்திருக்கிற பெரியோர்களே, வணக்கம். சீனத்து அம்மாக்கள், அமெரிக்காவில் வளர்ந்த அவர்களுடைய மகள்கள், இதுதான் தலைப்பு. சட்டம், சாப்பாடு, மொழி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்போம். இந்த அமெரிக்கா அந்த நூலையே உள்ளே விடவில்லை. 1875 பேஜ் சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறக்குறைய நிறுத்தியது, 1882-இல் தொழிலாளர்களுக்கும் தடை, 1943-இல் அதை நீக்கியபோதும் வருஷத்துக்கு 105 பேர்தான். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம்தான் குடும்பம் குடும்பமாக வர முடிந்தது. வந்த அம்மாக்களில் நிறையப் பேர் தையல் மெஷினில் உட்கார்ந்தார்கள். 1982-இல் நியூயார்க் சைனா டவுனில் சுமார் 20,000 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தமே செய்தார்கள். வாயில்லாப் பூச்சிகளா அவர்கள்?

சரி, மொழி. கான்டனீஸ் பேசும் அம்மா பிள்ளையை 'க்வாய்' என்பார். அதை ஆங்கிலத்தில் சொன்னால் 'சொல்பேச்சுக் கேட்கிறவள்' என்று ஆகிவிடுகிறது, மகளுக்குக் கடுப்பு. நமக்கு என்ன கஷ்டம், 'சமர்த்து'!

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளினிக்கில் நான் வரவேற்பில் இருந்த காலம். தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு, பத்து பதினொரு வயது மகளோடு வந்தார். டாக்டர் கேட்கிறார், அம்மா இரண்டு நிமிஷம் விடாமல் பேசுகிறார், மகள் தரையைப் பார்த்துக்கொண்டு "வயிற்று வலியாம்" என்கிறாள். அவ்வளவுதான்! பிரஷர் பார்க்க வந்த நர்சுக்குக் கான்டனீஸ் தெரியும். அந்த அம்மா சொன்னது மாதக்கணக்காக நிற்காத உதிரப்போக்கு. பாவம், குழந்தைக்கு அதற்கு வார்த்தையும் தெரியாது, வெட்கம் வேறு. நர்ஸ் எடுத்துச் சொன்னதும் பிள்ளை அழுதுவிட்டது. அம்மா திட்டவுமில்லை, அணைக்கவுமில்லை. பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, உரித்து, நாரைக்கூட எடுத்துவிட்டுச் சுளை சுளையாகக் கையில் வைத்தார். தாயைப் போல பிள்ளையாம்! அங்கே பிள்ளைதான் தாயாக நின்றது.

இதற்குத்தான் நான் இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவசரம் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு நம்பக் கூடாதென்று 2016-இலேயே அமெரிக்க மத்திய அரசு விதி வந்தது. போனிலாவது மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று நம் ஊர் கிளினிக்குகளுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். சாப்பாடு பற்றி... பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், விட்டுவிடுகிறேன். மனு பின்வரிசையிலிருந்து வருகிறது, கையெழுத்துப் போடுங்கள். பேனா திரும்பி வரவேண்டும், போன தடவை மூன்று போயிற்று.