ஐந்து பிக்குகள் இல்லாமல் போனால்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பௌத்தம் இன்றுவரை நிலைத்திருக்கப் பெரிதும் காரணம் புத்தரின் போதனையா, துறவியர் அமைப்பான சங்கத்தின் ஒழுங்கா என்பது தலைப்பு. ஒழுங்கே என்பது என் கட்சி. எதிரணித் தலைவர் நான்கு வாய்மைகளை அழகாக விளக்கினார். துக்கம் உண்டு, அதற்கு வேட்கை காரணம், வேட்கை அற்றால் துக்கம் அறும், அறுக்கும் வழி எண்வகை நெறி. இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு வாய்மைகள் நம் காதுவரை எப்படி வந்து சேர்ந்தன என்று அவர் சொல்லவே இல்லையே!

புத்தர் எதையும் எழுதி வைக்கவில்லை, வாரிசையும் நியமிக்கவில்லை. அன்றைய மகதத்தில் ஆசான்களுக்கும் பஞ்சமில்லை. சஞ்சய பேலட்டிபுத்தர் என்றொருவர் இருந்தார். பின்னாளில் புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் முதலில் அவருடைய சீடர்கள்தான். அதைச் சுமக்க ஒரு சங்கம் நிலைக்காததால், அவர் கொள்கையை இன்று பிறருடைய நூல்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

புத்தர் குசிநாராவில் மறைந்த செய்தி, மூத்த சீடர் மகாகாசியபரோடு வந்துகொண்டிருந்த கூட்டத்தை வழியில் எட்டுகிறது. பலர் கதறுகிறார்கள். முதுமையில் துறவு பூண்ட சுபத்தர் என்ற பிக்குவோ, 'அழாதீர்கள், இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல இனி ஆள் இல்லை' என்கிறார். ராஜகிருகத்தில் 500 பேரை மகாகாசியபர் கூட்டியதற்கு துறவியர் விதிகளைக் கூறும் விநய நூல் சொல்லும் காரணம் இந்தப் பேச்சுதான். அங்கே விதிகளில் தேர்ந்த உபாலியிடம் ஒவ்வொரு விதியாகக் கேட்டார்கள். எந்த ஊரில் வந்தது, யாரை முன்னிட்டு வந்தது, என்ன நடந்ததால் வந்தது? புத்தரின் அணுக்கத் தொண்டர் ஆனந்தரிடம் தம்மத்தை, அதாவது போதனையை, கேட்டது அதற்குப் பிறகு. அந்த வரிசையைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே!

'சிறு விதிகளைக் கைவிடலாம் என்று புத்தரே சொன்னாரே' என்று எதிரணி நண்பர் கேட்டார். சொன்னார், உண்மைதான். எவை சிறு விதிகள் என்று ஆனந்தர் கேட்டுக்கொள்ளவில்லை. மீறினால் சங்கத்தைவிட்டே நீக்கும் பாராஜிகம் நான்கைத் தவிர மற்றவையெல்லாம் சிறியவை என்றார்கள் சிலர். அதற்கு அடுத்த நிலையான சங்காதிசேசம் 13-ஐயும் விடக்கூடாது என்றார்கள் வேறு சிலர். ஒத்துப்போகவில்லை. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதில் எதையும் எடுக்க வேண்டாம் என்று மகாகாசியபர் தீர்மானம் வைத்தார். அவை மௌனமாக ஏற்றது.

இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் உள்ள தேரவாதப் பிரிவில் பிக்குகளுக்கு 227 விதிகள். மாதம் இருமுறை, எல்லை வகுத்த இடத்தில் குறைந்தது நான்கு பேர் கூடி அவற்றை ஓத வேண்டும். தவறு செய்தவர் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இப்படி மனப்பாடத்தில் பழகிய கூட்டம்தான் புத்தரின் உரைகளான சுத்தங்களையும் தீகம், மஜ்ஜிமம் என்ற தொகுதிகளாகப் பங்கு பிரித்துப் பல நூற்றாண்டுகள் நெஞ்சில் சுமந்தது. இலங்கையின் அலுவிகாரையில் அவை ஏடேறியது கி.மு. முதல் நூற்றாண்டில்.

ஒருவரை முழுப் பிக்குவாக ஏற்கும் உபசம்பதைச் சடங்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கடன் உண்டா, அரசன் பணியில் இருக்கிறாயா, பெற்றோர் சம்மதித்தார்களா, 20 வயது நிறைந்ததா, பிச்சைப் பாத்திரமும் சீவரம் என்ற துறவாடையும் உண்டா என்று வந்தவரைக் கேட்பார்கள். வயதைக் கருவான காலத்திலிருந்தே எண்ணலாம். பிறகு ஒரு தீர்மானம், மூன்று அறிவிப்பு. மறுப்பவர் பேசலாம், மற்றவர் மௌனம் காப்பார்கள். புத்தர் வாழ்ந்த கங்கைச் சமவெளிப் பகுதியான மத்திய தேசத்தில் இதற்கு 10 பிக்குகள் வேண்டும், எல்லைப்புற நாடுகளில் 5 பேர் போதும். அந்த எண்ணிக்கையும் குறைந்தால் சடங்கு செல்லாது.

இதே கண்டிப்பால்தான், சங்கம் அருகிய காலத்தில் தேரவாதத்தில் பெண் துறவியரான பிக்குணிகளின் வழி அறுந்தபோது அதை எளிதில் மீட்க முடியவில்லை. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. அந்த ஒழுங்குக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதையும் அதே இழப்புதான் காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டுக் கண்டிக்கு வாருங்கள். வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவி, பௌத்த நூல்களின் மொழியான பாலியில் கரை கண்டவர். அவரிடம் ஏடுகள் இருந்தன, போதனை இருந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆதரவும் இருந்தது. முறைப்படி உபசம்பதை பெற்ற ஐந்து பிக்குகள் மட்டும் தீவில் இல்லை. சியாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி என்ற வேறொரு தேரரின் குழு கடல் கடந்து வந்து, 1753இல் உபசம்பதை அளித்தது. இன்றைய சியாம் நிகாயம் என்ற துறவியர் பிரிவு அந்த வழியில் வந்ததே.

எதிரணியை ஒன்று கேட்டு அமர்கிறேன். போதனையே போதும் என்றால், அத்தனை கற்ற சரணங்கரர் 55 வயதுவரை முழுப் பிக்கு ஆகாத சாமணேரராகவே ஏன் காத்திருந்தார்?