பியால்ராலில் நெல் குத்த வேண்டாம்

நண்பர்களே, வடகிழக்கே மிசோரம் மலைகளில் வாழும் மிசோக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவர்களிடம் சாதி கிடையாதே" என்று உடனே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சாதி இல்லாத மலையில் மேல் கீழ் இல்லாமல் போய்விடுமா? ஊருக்கு ஊர் 'லால்' என்ற தலைவர் இருந்தார், பெரும்பாலும் சைலோ குலத்தவர். விளைந்த நெல்லிலும் வேட்டைக் கறியிலும் அவருக்குப் பங்கு போக வேண்டும். பஞ்சத்தில் சோற்றுக்காக அவர் வீட்டில் ஒண்டிய விதவையும் அநாதையும் அங்கேயே அடிமையாகிவிடுவார்கள். மீள வேண்டுமென்றால் மிதுன் என்ற மலை மாடு ஒன்று, இல்லையேல் 40 ரூபாய்.

பாட்டில் இதெல்லாம் எப்படி வருகிறது? எல்லோரும் முதலில் சொல்வது லால்தேரியைத்தான். தலைவர் வீட்டுப் பெண். சால்தங்கா என்ற குடியானவனைக் காதலித்தாள். அவள் குடும்பத்தார் அவனைக் கொன்றுவிட்டார்கள். சோற்றையும் துணியையும் ஒதுக்கிவிட்டு அவள் பாடிய புலம்பல்கள் இன்றும் அவள் பெயராலேயே வழங்குகின்றன. உருக்கமான பாட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைவரைப் பழித்துப் பாடிவிட்டு அதே ஊரில் இருக்க, தலைவர் மகளால்தான் முடிந்தது. குடியானவன் வீட்டுப் பெண் பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்கு அதைவிடப் பெரிய சங்கதியாகப் படுவது சொர்க்கம். பழைய மிசோ நம்பிக்கையில் செத்த பிறகும் எல்லோருக்கும் ஒரே இடமில்லை. யானை, கரடி, காட்டெருது என்று வகைவகையாக வேட்டையாடியவனும், மிதுன் வெட்டி ஊருக்கே விருந்து மேல் விருந்து வைத்தவனும்தான் 'தங்சுவா'. வீட்டில் சன்னல் வைத்துக்கொள்ளும் உரிமைகூட அவனுக்குத்தான்! அவன் 'பியால்ரால்' போவான். அங்கே குத்திய அரிசி தயாராக இருக்கும், உழைக்காமல் சாப்பிடலாம். மற்றவர்களுக்குச் சாதாரணச் செத்தவர் ஊர், அங்கேயும் பாடுதான். விடிவதற்கு முன்னே எழுந்து வாசல் மேடையில் உரலில் நெல் குத்தும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். குத்திய அரிசி என்பதே ஏன் சொர்க்கமாயிற்று என்பது அவளுக்குத் தெரியும். விருந்து வைக்க அவள் வீட்டில் நெல் மிஞ்சாது என்பதும் தெரியும்.

1894-இல் பாதிரிமார் வந்தார்கள். அவர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்த பாட்டுகள் மிசோ தொண்டைக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 1919-இல் 'எழுப்புதல்' என்ற கிறிஸ்தவ பக்தி எழுச்சி வந்தது; அதற்குப் பிறகு மிசோக்களே சொந்த மெட்டில் கட்டிய, கூடிப் பாடும் 'லெங்காம் ஸாய்' பாட்டுகள் பரவின. முன்பு தேவாலயத்துக்கு வெளியே நிறுத்திய பறையும் உள்ளே வந்தது. விருந்து வைக்காதவளுக்கும் சாவின் மறுகரையில், சொர்க்கத்தில், இடம் உண்டு என்று கூடிப் பாடினார்கள்.

1946-இல் மிசோ யூனியன் கட்சி தொடங்கியபோது குடியானவர்கள் திரண்டார்கள். 1954-இல் தலைவர்களின் உரிமை சட்டப்படி முடிந்தது. படிப்பும் உலகப் போரும் கொடுத்த துணிச்சல் என்பார்கள். சரி, நான் பாட்டையும் சேர்த்துக்கொள்வேன். செத்த பிறகு தானும் தலைவரும் சமம் என்று ராத்திரியெல்லாம் பாடிவிட்டு, அறுவடைக்கு அவர் வீட்டில் நெல் அளந்து கொட்டியவனுக்கு உறுத்தாமலா இருந்திருக்கும்?