கோட்டாற்றில் கொஞ்சம் நில்லுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

விருந்தாளிகளை நாம் ஊர் சுற்றிக் காட்டுகிற விதத்தைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. மே மாதம் லீவு விட்டதும் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மச்சான் குடும்பம் வந்து இறங்கும். நாம் என்ன செய்கிறோம்? விடியுமுன்னே எழுப்பி, கார் பிடித்து, கன்னியாகுமரிக்கு ஓட்டுகிறோம். சூரிய உதயம், படகுக்கு வரிசை, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சங்கு வளையல், பாசிமணி மாலை. வெயிலில் காய்ந்து வாடிப்போய் மத்தியானம் வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். மறுநாள் திற்பரப்பு அருவி. அதற்கு மறுநாள் ரயில். அந்த ரயில் ஏறுகிற இடம் எது? நாகர்கோவில் ஜங்ஷன். அது நிற்பது எங்கே? நாகர்கோவிலுக்குள்ளேயே இருக்கிற கோட்டாற்றில். வரும்போதும் கோட்டாறு, போகும்போதும் கோட்டாறு. ஆனால் கோட்டாற்றை ஒருத்தராவது பார்த்தார்களா என்றால், இல்லை.

கன்னியாகுமரியை நான் குறை சொல்ல வரவில்லை. மூன்று கடல் சேர்கிற இடத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு காலைப் பொழுதைக் கோட்டாற்றுக்குக் கொடுங்கள். நான் தபால்காரனாக வேலை பார்த்தவன். பை தோளில் தொங்க இந்தத் தெருக்களில் வெகுகாலம் அலைந்தவன். அதனால் கொஞ்சம் பாசமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். இதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்புவதில்லை. அதற்கு முன்னால் எல்லாம் பஸ்தான், அதற்கும் முன்னால் மாட்டு வண்டி. ஆனால் கோட்டாறு ரயிலை நம்பி வளர்ந்த ஊர் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்கிற கிரேக்கர் உலகத்து ஊர்களையெல்லாம் எழுதி வைத்தாரே, அதில் கொட்டியாரா என்று ஒரு ஊர் வருகிறது. அது நம்ம கோட்டாறுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சோழர்கள் வந்தபோது இதற்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பேர் வைத்தார்கள். முதலாம் குலோத்துங்கன் இங்கே ஒரு படையையே நிறுத்தி வைத்திருந்தான். படையை எங்கே நிறுத்துவார்கள்? வழியும் வியாபாரமும் சேர்கிற இடத்தில்தானே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டிலிருந்து வருகிறவன் மலையாளக் கரைக்குப் போக இதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சரி, சரித்திரம் போதும். காலையில் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்கிறேன். கம்போளத்தில் ஆரம்பியுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டாறு மார்க்கெட்டைத்தான் நாங்கள் கம்போளம் என்போம். கார் கொண்டுபோகாதீர்கள். லாரி ஒரு பக்கம், மூடை சுமக்கிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் சைக்கிள். நடந்துதான் போகவேண்டும். உள்ளே நுழைந்ததும் வத்தல் நெடி மூக்கில் ஏறி ரெண்டு தும்மல் வரும். அப்புறம் புளி வாசம், மல்லி, மிளகு, கிராம்பு. நம்ம மலையில் விளைகிற கிராம்புக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் உள்ளங்கையில் ரெண்டு வைத்துத் தருவார், வாங்கி மென்று பாருங்கள். நாக்கு மரத்துப்போகும்.

கருப்பட்டிக் கடையில் மட்டும் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். தங்கச்சி மருமகனை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன். கோயம்புத்தூர்ப் பையன், எதையும் விலை கேட்டுவிட்டுத்தான் தொடுவான். கடையில் இருந்த அண்ணாச்சி அவன் கேட்ட விலைக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கருப்பட்டியை எடுத்தார், இன்னொன்றின் மேல் ஒரு தட்டு. ரெண்டாகப் பிளந்தது. பிளந்த பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி, "மாப்பிள்ளை, இந்த வாயைப் பாருங்க. சீனி கலந்திருந்தா இங்க மினுங்கும். இது மினுங்குதா?" என்றார். மினுங்கவில்லை. மங்கலாக, ஈரமண் நிறத்தில் இருந்தது. "இப்ப ஒரு துண்டு வாயில போடுங்க. கடிக்கக்கூடாது." அவனும் போட்டான். அது கரைகிறவரை மூன்று பேரும் பேசாமல் நின்றோம். கடைசியில் லேசாக ஒரு உப்பு தட்டும் பாருங்கள், அப்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி விலையைச் சொன்னார். அவன் பேரம் பேசவில்லை. கன்னியாகுமரியில் அவன் எடுத்த போட்டோக்கள் எல்லாம் போனோடு தொலைந்துபோயின. ஆனால் இன்றைக்கும் போன் செய்தால் முதல் கேள்வி, "மாமா, அந்தக் கருப்பட்டி அனுப்ப முடியுமா?"

வாழைக்குலைகளும் அப்படித்தான். வெளியூர்க்காரர்களுக்குப் பச்சைப்பழம், மஞ்சள்பழம், மிஞ்சிப்போனால் செவ்வாழை. நமக்கு ஏத்தன், மட்டி, ரசகதலி, பேயன், சிங்கன், பாளையங்கோட்டான் என்று பேர் சொல்லியே மூச்சு முட்டும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வாசம் மட்டும் தெரு முழுக்க வரும். கைக்குழந்தைக்கு முதல்முதலாகக் கொடுக்கிற பழம் நம்ம பக்கம் அதுதான். அதுக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நடந்துகொண்டே தின்னலாம். தோலைத் தெருவில் போடவேண்டாம், இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கம்போளத்திலிருந்து சவேரியார் கோயிலுக்கு நடந்தே போகலாம். பிரான்சிஸ் சவேரியார் 1544-ல் இந்தக் கரையோர ஊர்களில் நடந்தே திரிந்தவர். அவர் பேரில் இருக்கிற இந்தக் கோயில் 1930-ல் கோட்டாறு மறைமாவட்டம் வந்தபோது பேராலயம் ஆனது. உள்ளே போனால் தேவசகாயம் பிள்ளையின் கல்லறையைப் பாருங்கள். நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, மதம் மாறியதற்காகச் சிறைப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அவர்தான். இந்தியாவிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர், அதாவது சாமியாரோ துறவியோ அல்லாதவர். அந்த ஆளை அடக்கம் செய்த இடம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நம்ம விருந்தாளிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறார்கள்.

திருவிழா டிசம்பர் 3-ல் முடியும். அன்றைக்கு மாவட்டத்துக்கே லீவு. கடைசி நாட்களில் தேர் வரும்போது ஜனங்கள் உப்பும் மிளகும் காணிக்கை போடுவார்கள். எல்லாச் சாதி சனமும், எல்லா மதத்துக்காரர்களும் நிற்பார்கள். குடை மட்டும் மறக்கக்கூடாது. சவேரியார் திருவிழாவுக்கு மழை பெய்யாவிட்டால் எங்களுக்கு என்னவோ போல இருக்கும்.

இப்போது நான் உங்களை இடலாக்குடிக்குக் கூட்டிப்போகிறேன். பக்கம்தான். இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், நிலையத்தார் மன்னிக்கவேண்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர் அது. பிறந்தது 1874. அவர் பேரில் அரசு ஒரு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. கன்னியாகுமரி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. பஸ்ஸில் இருப்பவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சதாவதானம் என்றால் ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் வைப்பது. நம்மால் போன் பேசிக்கொண்டே பாலைப் பொங்கவிடாமல் பார்க்க முடியவில்லை. அவதானியை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் ஆட்கள் உட்காருவார்கள். ஒருத்தர் இடையிடையே மணி அடிப்பார், எத்தனை அடி என்று எண்ணிக்கொள்ளவேண்டும். இன்னொருத்தர் முதுகில் நெல்லையோ கல்லையோ எறிவார், அதையும் எண்ணவேண்டும். ஒருத்தர் கணக்குப் போடுவார். ஒருத்தர் இந்த வருஷம் இந்தத் தேதி என்ன கிழமை என்பார். ஒருத்தர் இலக்கணத்தில் மடக்குவார். ஒருத்தர் வெண்பாவுக்குக் கடைசி அடியைக் கொடுத்து, மற்றதைப் பாடு என்பார். எல்லாவற்றுக்கும் நடுவில், கேட்ட வரிசை பிசகாமல் பதில் வரவேண்டும். பாவலர் இதை 1907 மார்ச் 10-ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்து காட்டினார். சதாவதானி என்கிற பட்டம் அப்படி வந்ததுதான்.

அவரைப் பற்றி இடலாக்குடியில் சொல்கிற கதை ஒன்று உண்டு. தபால் கொடுக்கப் போன வீட்டுத் திண்ணைகளில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒரு சபையில் ஒருத்தர் எழுந்து, பாவலர் முஸ்லிம் ஆயிற்றே, மாட்டிவிடலாம் என்று ஈற்றடி கொடுத்தாராம்: "துருக்கனுக்கு ராமன் துணை". துருக்கன் என்றால் முஸ்லிம். சபையில் சலசலப்பு. பாவலர் சிரித்துக்கொண்டே முந்திய அடியைப் பரதன், இலக்குவன் என்று கொண்டுவந்து, "சத்" என்று நிறுத்தினார். இப்போது சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பரத இலக்குவ சத்துருக்கனுக்கு ராமன் துணை! தம்பிமார் மூன்று பேருக்கும் அண்ணன் துணை என்று ஆகிவிட்டது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார், சபை எழுந்துவிட்டது. கம்பனும் வெண்பாவும் அவருக்கு அவ்வளவு கைவசம். வள்ளலார் பாட்டை அருட்பாவா மருட்பாவா என்று ஊரே சண்டை போட்ட காலத்தில் அருட்பா பக்கம் நின்று பேசினவரும் இவர்தான். அதே கோட்டாற்றில்தான் அவருக்கும் முன்னால் ஞானியார் சாகிபு தமிழில் சூஃபிப் பாட்டுகள் பாடி வைத்திருக்கிறார். பிள்ளைகளை அந்த மணிமண்டபத்து வாசலில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் என்றால் ஓடுகிற பிள்ளைகூட "சத்... துருக்கனுக்கு" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் ஏறின.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய ஓட்டலைத் தேடவேண்டாம். காலை பத்து மணி வாக்கில் ஏதாவது ஒரு டீக்கடையில் ரசவடை கேளுங்கள். ரசத்தில் ஊறின பருப்புவடை, கூட ஒரு சாயா. அது போதும், மத்தியானச் சாப்பாடு வரை தாங்கும்.

அப்புறம் நாகராஜா கோயில். கோட்டாற்றிலிருந்து ஆட்டோவில் சில நிமிஷம். நாகர்கோவிலுக்கே பேர் கொடுத்த கோயில். கருவறைக்கு ஓலைக் கூரைதான், வருஷா வருஷம் மாற்றிக் கட்டுவார்கள். அங்கே தருகிற மண் பிரசாதம் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் தூண்களை யாராவது பார்க்கிறார்களா? மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சமணர் கோயில். பார்சுவநாதர் தலைக்கு மேலேயும் படமெடுத்த பாம்புதான். இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். நேரம் ஆகிவிட்டது போல. சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் குறிப்பு நிறைய எழுதி வைத்திருந்தேன், போகட்டும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டாற்றில் கன்னியாகுமரி பஸ் ஏறினால் இடலாக்குடி தாண்டிச் சீக்கிரமே சுசீந்திரம். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருமாக நிற்கிற தாணுமாலயன். ராஜகோபுரம் 134 அடி. இசைத்தூண்கள், பெரிய அனுமார், எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குற்றம் செய்யவில்லை என்று காட்டக் கொதிக்கிற நெய்யில் கையை விடச்சொன்ன கைமுக்கு வழக்கம் அந்தக் கோயிலில்தான் இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் நிறுத்தினார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும், தோளில் ஒரு துண்டு கொண்டுபோங்கள்.

தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். அங்குள்ள குளத்தில் கூழைக்கடா, செங்கால் நாரை எல்லாம் வரும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளுக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்கிற அங்கீகாரம் கிடைத்தது. அக்டோபருக்கு மேல் போங்கள், சாயங்காலம் போங்கள், பக்கத்தில் போய்ச் சத்தம் போடாதீர்கள்.

ஒழுகினசேரியை விட்டுவிட்டேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த இடம், சோழராஜா கோயில் இருக்கிற இடம். வடசேரியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் பழையாற்றுப் பாலத்துப் பக்கம். தோவாளைப் பூச்சந்தைக்குப் போவதென்றால் அதே ரோடுதான், ஆனால் விடியுமுன்னே போகவேண்டும், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்போளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும். கருப்பட்டி வாங்கினால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஓலைப்பெட்டியில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சென்னை போய்ச் சேருமுன்னே கசிந்துவிடும்.

வாய்ப்புக் கொடுத்த நாகர்கோவில் வானொலிக்கு நன்றி. வணக்கம்.